மழை வருமா என்று பார்க்கத்தான் போனை எடுத்தேன்

ஒரு நோட்டிஃபிகேஷன் கண்ணில் பட்டது, அதைத் தொட்டேன், அங்கிருந்து ஒரு வீடியோ, அதற்குக் கீழே இன்னொன்று. யாரோ ஒருவர் பழைய கைக்கடிகாரத்தைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பல்சக்கரமாகத் துடைப்பதை முழுசாகப் பார்த்து முடித்தபோது 40 நிமிடம் போயிருந்தது. மழை வருமா என்பது மட்டும் அப்போதும் தெரியாது.

வேலை, படிப்பு, பணம் எல்லாம் இன்டர்நெட்டுக்குள் வந்துவிட்ட பிறகு அதை விட்டுவிடுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. எத்தனை மணி நேரம் என்ற கவலையையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கை எப்போது தானாகப் போனைத் தேடிப் போகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு சின்னத் தடையைப் போடுவதுதான் நாம் செய்யப்போவது.

படி 1: ஒரு வாரம் சும்மா கவனியுங்கள்

ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்கிரீன் டைம்'. இரண்டும் 2018-இல் வந்தவை, ஆனாலும் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். திறந்ததும் மணிக்கணக்கைப் பார்த்துப் பதறாதீர்கள், வழி பார்க்க மேப்பைத் திறந்து வைத்திருந்த நேரமும் அதில் சேர்ந்திருக்கும். எத்தனை முறை போனை எடுத்தீர்கள் (ஆண்ட்ராய்டில், எத்தனை முறை அன்லாக் செய்தீர்கள்) என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். 90 என்று இருந்தால், விழித்திருக்கும் 16 மணி நேரத்தில் சுமார் 11 நிமிடத்துக்கு ஒருமுறை. படிக்கிற பக்கம், எதிரில் இருப்பவரின் பேச்சு, பாதியில் நிற்கும் யோசனை எல்லாம் அந்த 11 நிமிடத் துண்டுகளுக்குள்தான் நடந்தாக வேண்டும். இந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எப்போது எடுக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்தால் போதும்.

படி 2: நோட்டிஃபிகேஷன்களை வடிகட்டுங்கள்

மனிதர் அனுப்பியது இருக்கட்டும், ஆப் தானாக அனுப்புவது வேண்டாம். பத்து நிமிட வேலை.

படி 3: சார்ஜரை படுக்கையறையிலிருந்து வெளியே எடுங்கள்

ஒரே ஒரு படிதான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். இரவில் கண்ணில் படும் வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான், ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை, போனில் முடிவு என்று ஒன்று இல்லாதது என்பேன். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், மூடி வைப்போம். இங்கே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இந்த முடிவில்லாத ஸ்க்ரோலை 2006-இல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருத்தப்பட்டார்.

'அலாரம் வேண்டுமே' என்பீர்கள். நானும் அப்படித்தான் இரண்டு மாதம் சாக்குச் சொன்னேன், கடைசியில் சின்ன அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கினேன். முதல் மூன்று இரவு கை தலையணைக்கு அடியில் துழாவியது, கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அப்புறம் துழாவுவது நின்றுவிட்டது.

படி 4: அதிகம் திறக்கும் ஆப்பிலிருந்து லாக்அவுட் செய்யுங்கள்

அழிக்க வேண்டாம். முதல் திரையிலிருந்து ஐகானை எடுத்துவிட்டு லாக்அவுட் செய்யுங்கள், போதும். பாஸ்வேர்டைத் தட்டும் அந்த அரை நிமிடத்தில் 'எதுக்கு இப்போ?' என்ற கேள்வி வந்துவிடும். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியும் பார்த்தேன், எனக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது, உங்களுக்குப் பலிக்கலாம். நேர வரம்பு வைப்பதும் அப்படித்தான், வரம்பைத் தாண்டும் வழியும் நம் கையிலேயே இருக்கிறது. ஐபோனில் அந்த வரம்புக்கான பாஸ்கோடை வீட்டில் வேறு யாரையாவது வைக்கச் சொன்னால் வேலை செய்யும்.

படி 5: கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு

சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை போல இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அது பாதியாகவோ அதற்கும் கீழேயோ போய்விடும், எரிச்சல் அதனால்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருக்கும் எதையாவது 20 விநாடி பாருங்கள்.

இரண்டாவது வாரம் அதே எண்ணைத் திரும்பப் பாருங்கள். 90 என்பது 70 ஆனாலே நல்ல ஆரம்பம். நடுவில் ஒரு நாள் 110-க்குப் போகும், எனக்குக் காய்ச்சலில் படுத்திருந்த நாளில் போனது. அடுத்த நாளிலிருந்து விட்ட இடத்தில் தொடங்குங்கள். ஆனால் மாதக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டு, நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் இந்தப் படிகளோடு மல்லுக்கட்டாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், அவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை.