சிமுலேட்டர் விமான நிலையங்களுக்கு டாக்ஸிவே வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமானம் ஓட்டுவதைக் கணினியில் பாவனை செய்யும் சிமுலேட்டர்களுக்கு விமான நிலையச் சீனரி, அதாவது நிலையத்தின் கணினி மாதிரி, உருவாக்குபவர்களில் பலர் முனையக் கட்டடத்துக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, ஓடுபாதைக்கும் முனையத்துக்கும் இடையே விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதைகளான டாக்ஸிவேக்களைக் கடைசியில் ஒரே மூச்சில் வரைந்து முடித்துவிடுகிறார்கள். விமானி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பதோ அந்தத் தரையைத்தான். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்போல் நிலையத்தில், 2003-இல் திறக்கப்பட்ட போல்டர்பான் ஓடுபாதையில் இறங்கும் விமானம் ஏ5 நெடுஞ்சாலையைப் பாலத்தின் மீது கடந்து முனையத்தை அடைவதற்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆவதுண்டு.

செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு இழுப்பதோடு வேலை முடிந்ததாகக் கருதுவதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன. படத்தில் தெரியும் கருமையான பரப்பு முழுவதும் டாக்ஸிவே அல்ல. விமானத்தின் எடையைத் தாங்கும் பகுதியும், அதன் இருபுறமும் எஞ்சின் காற்றில் மண் பறக்காமலிருக்கப் போடப்படும் ஓரத்தளமும் மேலிருந்து பார்க்கும்போது ஒன்றாகவே தோன்றும். பன்னாட்டுத் தரத்தின்படி போயிங் 777 போன்ற இ வகை (பெரிய இறக்கை அகலம் கொண்ட) விமானங்களுக்கான டாக்ஸிவேயின் அகலம் 23 மீட்டர், ஓரத்தளத்தையும் சேர்த்தால் 38 மீட்டர். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வரைந்தால் பாதை ஒன்றரை மடங்குக்கு மேல் அகன்றுவிடும். எடை தாங்கும் பகுதியின் விளிம்பைக் காட்டும் இரட்டை மஞ்சள் கோடுகளைப் படத்தில் தேடிக் கண்டுபிடித்து, அந்நாடு விமானிகளுக்காக அதிகாரபூர்வமாக வெளியிடும் விமானத் தகவல் வெளியீட்டில் உள்ள நிலைய வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். படம் எடுத்த ஆண்டும் வரைபடத்தின் தேதியும் வெவ்வேறாக இருந்தால், இரண்டையும் கலந்து வரையாமல் ஏதேனும் ஒரு காலத்தைத் தேர்ந்துகொள்வதே நேர்மையான வழி என்பது என் கருத்து.

வளைவுகளில்தான் மிகுதியான பிழைகள் நிகழ்கின்றன. மையக்கோட்டிலிருந்து இருபுறமும் சம தூரத்தில் விளிம்புகளை வரைந்துவிட்டால் நேர்ப்பாதையில் அது சரியாக இருக்கும், திருப்பத்தில் தவறாகிவிடும். விமானி அமர்ந்திருக்கும் இடம் மையக்கோட்டின் மேல் செல்லும்போது, வெகு பின்னால் இருக்கும் முதன்மைச் சக்கரங்கள் வளைவின் உட்புறமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. ஏ320-இல் முன்சக்கரத்துக்கும் முதன்மைச் சக்கரங்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ 12.6 மீட்டர்தான், 777-300இஆர் விமானத்திலோ 31 மீட்டருக்கு மேல். எனவே உண்மையான நிலையங்களில் திருப்பத்தின் உள்விளிம்பு கூடுதலாக அகலப்படுத்தப்பட்டிருக்கும். மையக்கோட்டை முதலில் வரைந்து, அதைப் பின்பற்றும் சக்கரத்தின் தடத்தை எண்ணிப் பார்த்து, அதன் பின்னரே விளிம்புகளை வரைவதுதான் சரியான வரிசை. தரையிறங்கிய விமானம் வேகம் முழுதும் குறையுமுன்பே ஓடுபாதையை விட்டு விலகுவதற்கான விரைவு வெளியேற்றப் பாதைகளுக்கு இது இன்னும் பொருந்தும். பெரிய நிலையங்களில் அவை ஓடுபாதையிலிருந்து 25 முதல் 45 பாகைக்குள், பெரும்பாலும் 30 பாகையில் பிரிகின்றன. ஈரத்தரையிலும் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புவதற்காக வளைவின் ஆரம் குறைந்தது 550 மீட்டராக அமைகிறது. அந்த மஞ்சள் கோடு திருப்பத்திலேயே தொடங்குவதில்லை. வளைவுக்கு முன்பே ஓடுபாதையின் வெள்ளை மையக்கோட்டுக்கு இணையாக, அதிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி, 60 மீட்டராவது ஓடிய பிறகே விலகத் தொடங்குகிறது. பல சீனரிகளில் இந்தச் சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் காணலாம்.

ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டிய இடத்தின் குறியைத் திருப்பி வைப்பது அடுத்த தவறு. தொடர்கோடுகள் இரண்டும் காத்திருக்கும் விமானத்தின் பக்கத்திலும், விட்டுவிட்டு வரும் கோடுகள் இரண்டும் ஓடுபாதையின் பக்கத்திலும் இருக்க வேண்டும். துல்லியத் தரையிறக்க வசதியுள்ள நீண்ட ஓடுபாதையில் இந்தக் குறி ஓடுபாதை மையத்திலிருந்து குறைந்தது 90 மீட்டர் தள்ளி அமையும். கற்பனை நிலையம் ஒன்றை வடிவமைப்பவர்கள் டாக்ஸிவேக்களுக்கு ஐ, ஓ, எக்ஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளைப் பெயராக வைக்கக் கூடாது. எண்களோடும் மூடப்பட்ட பாதையின் குறியோடும் குழப்பம் ஏற்படும்.

விளக்குகளில் அலட்சியம் காட்டுவதை நான் சிறிய பிழையாகக் கருதவில்லை. 2010 பிப்ரவரி 10 அன்று இதே ஸ்கிப்போலில் ஒரு போயிங் 737, ஓடுபாதைக்குப் பதிலாக அதற்கு இணையான பி டாக்ஸிவேயிலிருந்து மேலெழும்பியது. இரவில் விமானிக்கு இரண்டையும் பிரித்துக் காட்டுபவை நிறங்களே: டாக்ஸிவேயின் விளிம்புக்கு நீலம், மையத்துக்குப் பச்சை, ஓடுபாதைக்கு அருகில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி. எல்லா விளிம்புகளிலும் ஒரே இடைவெளியில் நீல விளக்குகளைக் கொட்டிவிட்டால் இந்த மொழி அழிந்துவிடுகிறது. வளைவுகளில் விளக்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். மைய விளக்குகள் இல்லாத நிலையத்தில் அவற்றை அழகுக்காகச் சேர்க்கக் கூடாது.

சிமுலேட்டரின் கட்டுப்பாட்டாளர் விமானங்களுக்கு வழி சொல்லப் பயன்படுத்தும், கண்ணுக்குத் தெரியாத வழித்தட வலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்குச் சீனரி உருவாக்கும் கருவியான வேர்ல்ட்எடிட்டரில் இரண்டு தடங்கள் குறுக்கிட்டாலும், பொதுவான கணு (இணைப்புப் புள்ளி) இல்லையென்றால் கட்டுப்பாட்டாளருக்கு அவை இணைந்த பாதைகள் அல்ல. போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலுள்ள ஃபுன்ஷால் போல, ஓடுபாதைக்கு இணையான டாக்ஸிவே இல்லாத நிலையங்களில் ஓடுபாதையையே வலையில் சேர்க்க வேண்டும். அங்கு விமானங்கள் அதன் மீதே திரும்பி வருகின்றன.

வேலை முடிந்ததும், அந்த நிலையத்துக்கு வரும் மிக நீளமான விமானத்தை எடுத்து, நிறுத்துமிடத்திலிருந்து ஒவ்வொரு ஓடுபாதை முனைக்கும் பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் விமானி அறைப் பார்வையிலேயே ஓட்டிச் செல்ல வேண்டும். பின்னர் வெளிப்பார்வையில் சக்கரங்களைக் கவனித்து மீண்டும் ஓட்ட வேண்டும். சக்கரம் புல்லில் இறங்கும் இடத்தில், படத்தோடு ஒத்திருக்கும் மையக்கோட்டை நகர்த்தாமல், உள்விளிம்பை மட்டும் திருத்த வேண்டும்.