இடம் மாற்றிய செடி ஏன் வாடுகிறது? நல்லது என்று நினைத்து நாம் செய்யும் தவறுகள்

சுவர் வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஆறு வயது நந்தியாவட்டை ஒன்றைத் தோண்டி வேறு மூலையில் வைத்தேன். பெரிய குழி, நிறைய மக்கிய எரு, காலையும் மாலையும் ஒரு வாளித் தண்ணீர் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. பத்தாம் நாள் இலை சுருண்டது. தண்ணீர் பத்தவில்லை போலிருக்கிறது என்று மூன்று வேளையாக்கினேன். மூன்றாவது வாரம் செடி விறகாகிவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் குழி முழுக்க எருச்சேறு. நடுவில் செடியோடு வந்த களிமண் கட்டியை உடைத்தால் உள்ளே செங்கல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. வேரெல்லாம் அந்தக் கட்டிக்குள், நான் ஊற்றிய தண்ணீரெல்லாம் அதற்கு வெளியே.

அந்த ஒரு செடியில் நான் செய்த தவறுகளை எண்ணினால் ஐந்தாறு தேறும். எல்லாமே அக்கறையில் செய்தவைதான்.

முதலில், தோண்டும்போது செடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரிகிற தடித்த வேர்கள் பெரும்பாலும் குழாய் வேலையும் பிடிமான வேலையும்தான் பார்க்கின்றன. தண்ணீரை உறிஞ்சுவது நுனியில் இருக்கும் சல்லிவேர்களும் அவற்றின் மேல் பஞ்சு போலப் படர்ந்த வேர்த்தூவிகளும். ஒரு வேர்த்தூவி என்பது ஒரே ஒரு செல்லின் நீட்சி, தொட்டாலே அறுந்துபோகும். இந்தச் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கும். அகலத்தில் இலைப் பரப்பையும் தாண்டிப் போயிருக்கும். மண்வெட்டியால் சுற்றி வெட்டும்போது இவற்றில் பெரும்பங்கு பழைய இடத்திலேயே தங்கிவிடுகிறது. மேலே இலைகளோ வழக்கம்போல நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் தொடரும் வீட்டின் நிலைமைதான். புதுச் சல்லிவேர் விடும்வரை அந்தச் செலவைக் குறைப்பதும், விடுகிற வேருக்குத் தடை போடாமல் இருப்பதும்தான் நம் வேலை.

நினைத்த அன்றே தோண்டுவது

ஓராண்டுச் செடியை நினைத்த நேரத்தில் பிடுங்கி நட்டால் பிழைத்துக்கொள்ளும். ஐந்து, பத்து வருடம் ஒரே இடத்தில் நின்ற பல்லாண்டுச் செடிக்கு முன்னறிவிப்பு வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே, நாளை எந்த அளவுக்கு மண்கட்டி எடுக்கப்போகிறோமோ அதைவிடக் கொஞ்சம் உள்ளே, தண்டைச் சுற்றி வட்டமாகக் கூர்மையான மண்வெட்டியை நேராக இறக்கி வேர்களை வெட்டிவிட வேண்டும். ஒரே நாளில் முழு வட்டமும் வேண்டாம். இன்று பாதி, மூன்று நான்கு வாரம் கழித்து மீதி. வெட்டுப்பட்ட வேர்முனையின் அருகில் புதிதாகச் சல்லிவேர்கள் கொத்தாகக் கிளம்பும். பிறகு தோண்டும்போது அவை மண்கட்டிக்குள்ளேயே நம்மோடு வரும். இந்த ஒரு வேலையைச் செய்தவர்களுக்குப் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி வராது.

நேரமும் முக்கியம். வெயில் ஏறும் பருவத்தில், அதுவும் செடி மொட்டும் பூவுமாக நிற்கும்போது கை வைக்கக் கூடாது. மழைக்காலத் தொடக்கமோ, குளிர்நாடாக இருந்தால் செடி உறங்கும் காலமோ நல்லது. நாளில் மாலை நேரம். மேகமூட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. பூத்திருக்கும்போது எடுத்தே தீர வேண்டிய கட்டாயம் என்றால் பூ, மொட்டு அத்தனையையும் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான்.

எடுக்கவே கூடாத செடிகளும் உண்டு. ஆணிவேர் ஆழமாக ஓடும் சங்குப்பூ, வேரைத் தொந்தரவு செய்தால் முகம் சுளிக்கும் பப்பாளி இரண்டையும் வளர்ந்த பிறகு நகர்த்துவதைவிட விதை போட்டுப் புதிதாக வளர்ப்பது லாபம். முருங்கைக்கு ஒரு போத்து, அதாவது தடித்த கிளைத்துண்டு, வெட்டி நட்டால் போதும், மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். காகிதப்பூச் செடியை நகர்த்தலாம், ஆனால் அதன் வேர் நொறுங்கும் சாதி. மண்கட்டி உதிர்ந்தால் கதை முடிந்தது.

தாய்மண் உதிர்வது

காய்ந்த மண்ணில் கடப்பாரையைப் போட்டு நெம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. உள்ளே வேர் ‘படக், படக்’ என்று அறுபடுவது காதில் கேட்கும். கட்டியாக வர வேண்டிய மண் பொலபொலவென்று கொட்டி, கையில் வெறும் வேர் தொங்கும். முந்தின நாளே நன்றாகத் தண்ணீர் விட்டு ஊறவைத்தால் இலையிலும் நீர் சேரும், வேரோடு ஒட்டிய பழைய மண்ணான தாய்மண்ணும் பிடித்துக்கொள்ளும். தோண்டும் அன்று காலை ஊற்றினால் சேறாகி வழுக்கும், அதனால்தான் முந்தின நாள்.

கட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? தண்டின் தடிமனைப் போலப் பத்து முதல் பன்னிரண்டு மடங்கு விட்டம் என்பது நாற்றுப்பண்ணைக் கணக்கு. தரையை ஒட்டி 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள செடிக்கு 30 முதல் 36 சென்டிமீட்டர் அகலக் கட்டி. ஆழத்துக்குப் பேராசை வேண்டாம், அகலத்தில்தான் சல்லிவேர் இருக்கிறது. கனம் கை மீறும் என்று தோன்றினால் கட்டியைச் சிறிதாக்காமல் இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள்.

தூக்கும்போது தண்டைப் பிடித்துத் தூக்கினால் மண்ணின் எடை முழுக்க வேரில் தொங்கும். அடியில் ஈரச் சாக்கை நுழைத்து, நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்க வேண்டும். புதுக்குழி தயாராகாமல் செடியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து குழி தோண்டும் பழக்கமும் நிறையப் பேருக்கு உண்டு. வெயிலில் திறந்து கிடக்கும் வேர்த்தூவி காய்வதற்குச் சில நிமிடங்களே போதும்.

ஆழக்குழி

‘எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது’ என்ற நம்பிக்கையை மாற்றுவது கஷ்டம். வேருக்கும் மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், ஆழத்தில் அது குறைவு. தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி பழைய இடத்தில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் புது இடத்திலும் இருக்க வேண்டும். தண்டில் பழைய மண் பட்ட நிறமாற்றக் கோடு தெரியும், அதைப் பார்த்து வைக்கலாம். கழுத்து மண்ணுக்குள் புதைந்தால் பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும். அதுவும் உடனே தெரியாது, ஒரு வருடம் கழித்துக் காரணம் புரியாமல் செடி போகும். குழியின் ஆழம் மண்கட்டியின் உயரம், அகலம் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. அடிமண்ணைக் கிளறாதீர்கள், கிளறிய மண் தண்ணீர் பட்டதும் அமுங்கும், செடியும் கூடவே இறங்கிவிடும்.

களிமண்ணாக இருந்தால் குழியின் பக்கச் சுவரைக் கையால் தடவிப் பாருங்கள். மண்வெட்டி இழுத்த இடம் மெழுகினாற்போல வழவழவென்று இருக்கும். காய்ந்தால் அது பானை ஓடு, வேர் அதைத் துளைக்கத் திணறும். ஒரு குச்சியால் சொரசொரப்பாகக் கீறிவிடுவது ஒரு நிமிட வேலை.

என் நந்தியாவட்டையைக் கொன்றது குழியில் கொட்டிய எரு. ஒரு தன்மையுள்ள மண்ணிலிருந்து இன்னொரு தன்மையுள்ள மண்ணுக்குத் தண்ணீர் எளிதில் கடக்காது. சுற்றிலும் பொலபொலப்பான எருக்கலவை, நடுவில் இறுகிய களிமண் கட்டி என்று வைத்தால், ஊற்றும் தண்ணீர் சுலபமான வழியில் இறங்கிவிடும். கட்டி காய்ந்தே இருக்கும். கொஞ்சநஞ்சம் வேர் விட்டாலும் எருவின் சுகத்தை விட்டு வெளி மண்ணுக்குப் போகாமல், தொட்டியில் சுற்றுவதுபோலக் குழிக்குள்ளேயே சுற்றும். தோண்டிய அதே மண்ணைத் திரும்பப் போடுவதுதான் சரி. எருவை மேலே மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போடுங்கள், மெதுவாக இறங்கட்டும். வடிகாலுக்கு என்று அடியில் ஜல்லி போடுவதும் இதே கணக்கில் எதிர்மாறாகத்தான் வேலை செய்யும்: தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காமல் அதற்கு மேல் மண்ணில் தேங்கி நிற்கும்.

நட்ட பிறகு காலால் மிதித்து இறுக்க வேண்டாம். பாதி மண் போட்டதும் ஒரு முறை தண்ணீர் விட்டால் மண் தானாகவே இடுக்குகளில் இறங்கி உட்காரும்.

தண்ணீர், உரம், கத்தரி

நட்ட உடனே குழி நிறையத் தண்ணீர். மூன்றாம் நாள் இன்னொரு முறை, உயிர்த்தண்ணீர் என்பார்கள். அதன் பிறகு கடிகாரம் பார்த்து ஊற்றக் கூடாது, விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். விரலை விடும் இடம் குழியின் ஓரமல்ல, தண்டை ஒட்டிய பழைய மண்கட்டி. இரண்டு விரற்கடை ஆழத்தில் ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடலாம். தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், அதிகமாகி வேர் மூச்சு முட்டினாலும் இலை அதேபோலத்தான் தொங்கும். வாடியதைப் பார்த்த பதற்றத்தில் வாளியைத் தூக்குவதற்கு முன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பவர் செடியைக் காப்பாற்றுவார்.

யூரியா, டிஏபி போன்ற ரசாயன உரம் எதுவும் இப்போது வேண்டாம். உரம் என்பது உப்பு. அறுபட்ட வேரருகே உப்பு கூடினால் வேர் நீரை உறிஞ்சுவது இன்னும் கடினமாகும். உரத்தில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) இலையைத் தள்ளும், அந்த இலைக்குத் தண்ணீர் தர வேர் இருக்காது. ஆறு வாரமாவது போகட்டும். வேர்விடுவதற்கு என்று விற்கும் வைட்டமின் பி1 கரைசலுக்கும் காசு செலவழிக்காதீர்கள். 1930களில் ஆய்வகத்தில் செடியிலிருந்து வெட்டித் தனியாக வளர்த்த வேர்கள் பி1 கொடுத்ததும் நன்றாக வளர்ந்தன, அதிலிருந்து கிளம்பிய கதை இது. முழுச் செடி தனக்கு வேண்டிய பி1-ஐ இலையிலேயே தயாரித்துக்கொள்கிறது.

கவாத்து, அதாவது கிளையை வெட்டிக் குறைக்கும் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. வேர் போனதற்கு ஈடாக மேலேயும் மொட்டையடிக்க வேண்டும் என்பது ஒன்று, இலையைத் தொடாதே என்பது மற்றொன்று. நான் நடுவில் நிற்கிறேன். வேரை வளரச் சொல்லும் ஆக்சின் என்ற ஹார்மோன் கொழுந்து நுனியிலிருந்துதான் கீழே இறங்குகிறது, வேருக்கான உணவும் இலையிலிருந்துதான் வருகிறது. மொட்டையடித்தால் இரண்டும் நின்றுபோகும். ஒடிந்தது, காய்ந்தது, உரசுவது ஆகியவற்றை எடுத்துவிட்டு, வேர் நிறையப் போயிருந்தால் மட்டும் மேலே மூன்றில் ஒரு பங்குவரை குறைக்கலாம். அதற்குப் பதிலாக நிழலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு குச்சியும் ஒரு பழைய சாக்கும் மேற்கு வெயிலை மறைத்தால் இரண்டு வாரத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

முட்டுக்குச்சி ஆடும் செடிக்கு மட்டும். கட்டும்போதும் கொஞ்சம் அசைய இடம் விடுங்கள், காற்றில் அசையும் தண்டுதான் தடிக்கும். மூடாக்கு ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனம், தண்டை ஒட்டாமல்.

இவ்வளவும் சொன்ன பிறகு விதிவிலக்கு. கற்றாழை, பெருங்கள்ளி வகைகளுக்கு நட்டதும் தண்ணீர் ஊற்றுவதே தவறு. வெட்டுப்பட்ட இடம் சில நாள் நிழலில் காய்ந்த பிறகுதான் மண்ணும் தண்ணீரும். கல்வாழை, சாமந்தி மாதிரிப் புதர்களை முழுசாக நகர்த்துவதும் வீண் சுமை. பிரித்து, வெளிவட்டத்து இளங்கொத்துகளை நட்டு, நடுவில் வயதான பகுதியை எறிந்துவிடலாம்.

நட்ட செடி இலையைக் கொட்டினால் பிடுங்கிப் பார்க்காதீர்கள். சிறு கிளையில் நகத்தால் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நிழலும் அளவான ஈரமும் மட்டும் தொடரட்டும். துளிர் வந்துவிட்டது என்று அன்றே சாக்கைப் பிரித்துவிடுவதுதான் கடைசித் தவறு. முதல் துளிர் தண்டில் சேர்த்து வைத்திருக்கும் உணவிலும் நீரிலும் வரக்கூடியது, கீழே புது வேர் ஒன்றும் விட்டிருக்காமலும் இருக்கலாம். அது விரிந்து, மதிய வெயில் நேரத்திலும் தொங்காமல் நின்று, தண்டை லேசாக அசைத்தால் அடிமண்ணும் சேர்ந்து இறுக்கமாகப் பிடித்தால் அப்போது நிழலை எடுக்கலாம். அதுவும் முதல் சில நாள் காலை வெயில் மட்டும்.