ட்ரெய்னிங்ல சூப்பர்வைசர வாய்விட்டு பதில் சொல்ல வைங்க

வேலை இடத்துல மிரட்டல், அடிதடி வராம தடுக்க ட்ரெய்னிங் வைக்கிறீங்கன்னா ஸ்லைட பாதியா குறைச்சுட்டு, "சார், வெளிய வா பாத்துக்கறேன்னு அவர் மிரட்டுறார்"னு ஒரு ஊழியர் வந்து சொல்ற மாதிரி நடிக்க வச்சு சூப்பர்வைசர வாய்விட்டு பதில் சொல்ல வைங்க. பதட்டத்துல படிச்சது ஞாபகம் வராது, பழகுனதுதான் வரும், பழகலன்னா "விடுப்பா, அவர் அப்படித்தான்"னு வந்துரும், அத கேட்டவங்க அடுத்த தடவை சொல்லவே மாட்டாங்க, பிரச்சனை உள்ளயே வளரும். "எங்க நடந்துச்சு, யார் பாத்தாங்க, இப்ப உங்களுக்கு வீட்டுக்கு போக பயமா இருக்கா"ன்னு கேட்டு அன்னைக்கே எழுதி மேல அனுப்புற வரைக்கும் பழக்குங்க. ஆனா நிஜத்துல மிரட்டுறவர் கையில ஆயுதம் இருந்தா பேச்சே வேண்டாம், விலகிப் போய் போலீசுக்கு போன் பண்ணுங்க. ஏற்கனவே அடி வாங்குனவங்கள நடிக்க கூப்பிடாதீங்க, பாவம்.