பாலக்காட்டுப் பக்கம் குடி போகிறீர்களா? முதலில் பள்ளி, அப்புறம் வீடு

பாலக்காட்டை அடுத்த தொழிற்பகுதியான கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிடுகிறார்கள். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

தமிழ் வழி வேண்டுமென்றால் பாலக்காடு மாவட்டத்திலேயே இருக்கிற சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் தேடுங்கள். ஆனால் பள்ளிக்கே போய், "தமிழ் டிவிஷன் பத்து வரை இருக்கா, ஏழோடு நின்னுடுமா?" என்று கேளுங்கள். கேரளத்தில் யு.பி. (அப்பர் பிரைமரி) பள்ளி ஏழாம் வகுப்போடு முடிந்துவிடும்.

ஆங்கில வழி என்றாலும் மலையாளத்தை மறக்காதீர்கள். 2017 சட்டப்படி சி.பி.எஸ்.இ. உட்படப் பள்ளிகளில் பத்து வரை மலையாளம் கற்பிக்க வேண்டும். மூன்றாவது படிக்கிற பிள்ளை தெருவில் விளையாடியே பிடித்துக்கொள்ளும். ஒன்பதாவதுக்குத்தான் திண்டாட்டம், புதிதாக வரும் பிள்ளைக்குச் சலுகை உண்டா என்று விசாரியுங்கள்.

வீடு பிடிக்கும் முன் ஒரு நாள் காலை எட்டரைக்கு அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பஸ் ஸ்டாப்பில் நின்று பாருங்கள். தனியார் பஸ்ஸிலும் மாணவர் கன்செஷன் உண்டு, சரி. ஆனால் யூனிஃபார்ம் கூட்டத்தைக் கண்டதும் பத்தடி தள்ளி நிறுத்துகிற டிரைவரும் உண்டு! பள்ளிக்குப் போக நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமென்றால், வாடகை எவ்வளவு குறைவானாலும் அந்த வீடு வேண்டாம்.

டி.சி.யை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள், ஜூனில் பள்ளி திறந்துவிடும்.