கிழித்து ஒட்டிய கடல்: வாழ்த்து அட்டை செய்யும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கடல் வரையச் சொன்னால், பெரும்பாலும் தாளின் மேற்பகுதியில் இரண்டு மலைகள் எழும்பி, நடுவே சூரியன் வந்து உட்கார்ந்துவிடும். மேற்கே எங்கு பார்த்தாலும் மலை தெரியும் ஊரில் வளர்ந்த கைக்கு அது இயல்புதான். எனினும் படம் கடலாகத் தோன்ற முதலில் வேண்டியது, இம்மியும் சாயாமல் அட்டையின் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடும் தொடுவானக் கோடு. அதை மட்டும் அளவுகோல் வைத்துப் போட்டுவிட்டால், மற்ற வேலையில் பெரும்பகுதியைக் கிழிசல் தாளும் பனியன் துணியும் பார்த்துக்கொள்ளும். அலையைத் தூரிகையால் தீட்டுவதற்கு நல்ல பயிற்சி வேண்டும். தாளைக் கிழித்து ஒட்டுவதற்கு அது வேண்டியதில்லை.

ஏ4 அளவுள்ள 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள) ஐவரி அட்டை ஒன்றை வாங்கிப் பாதியாக வெட்டினால், 148 × 210 மில்லிமீட்டரில் இரண்டு துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டை 105 மில்லிமீட்டரில் மடித்தால், மடிப்பு மேற்பக்கம் அமைந்த அகலவாட்டு அட்டை ஒன்று உருவாகும். கடற்காட்சிக்கு இந்த வாட்டமே பொருத்தம். மடிக்கும் முன், மை தீர்ந்த ரீஃபில் முனையால் மடிப்பு வர வேண்டிய கோட்டின் மேல் ஒருமுறை அழுத்தி இழுங்கள். அட்டையை இரு வாட்டத்திலும் இலேசாக வளைத்துப் பார்த்து, எந்த வாட்டத்தில் எதிர்ப்பின்றி வளைகிறதோ அதற்கேற்ப மடிப்பு அமையுமாறு வெட்டினால், மடிப்பில் வெடிப்பு வராது.

அடுத்தது வண்ணம். உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருக்கும் கடை வண்ணத்தாள் இதற்கு உதவாது. கிழித்த விளிம்பில் தெரியும் வெள்ளைதான் அலையின் நுரையாகப் போகிறது என்பதால், மேற்பரப்பில் மட்டும் வண்ணம் ஏறி, உள்ளே வெள்ளையாக இருக்கும் தாள் வேண்டும். ஆகவே கெட்டியான வெள்ளை டிராயிங் ஷீட்டில் நீங்களே போஸ்டர் கலர் பூசிக்கொள்ளுங்கள். ஆழமான நீர் சூரிய ஒளியின் சிவப்புப் பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் தொலைவில் கருநீலமாகத் தெரிகிறது. கரையோர ஆழமின்மையில் அடிமணல் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பச்சை கலந்த வெளிர்நீலமாகிறது. எனவே கடலுக்காக ஒட்டப்போகும் நான்கு தாள் பட்டைகளில், தொடுவானத்தை ஒட்டி வரும் முதல் பட்டைக்கு அடர்ந்த நீலம், அடுத்தடுத்த பட்டைகளுக்குக் கொஞ்சம் பச்சையும் வெள்ளையும் கூடிக்கொண்டே போகும் கலவை என நான்கு நிறங்கள் போதும். கடல் தொடுவானத்தருகே அடர்ந்திருக்க, வானம் அதற்கு நேர் எதிர்: மேலே அடர்த்தியாகவும், தொடுவானத்தை நெருங்க நெருங்க வெளுத்தும் அட்டையிலேயே தீட்டிவிடலாம். காய்ந்ததும் தாள் சுருண்டால், கனமான புத்தகங்களின் அடியில் ஓர் இரவு வைத்தால் சரியாகிவிடும்.

கிழிப்பதில்தான் இந்த அட்டையின் அழகு இருக்கிறது. வண்ணப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, வேண்டிய துண்டை இடக்கையில் அசையாமல் பிடித்து, வேண்டாத பகுதியை வலக்கையால் உங்களை நோக்கி மெதுவாக இழுத்துக் கிழித்தால், இடக்கைத் துண்டின் விளிம்பில் ஓரிரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை நார் வெளிப்படும். அதுவே அலையின் நுரை. ஒரே வேகத்தில் இழுத்தால் விளிம்பு மொண்ணையாக அமையும். இடையிடையே விரலைத் திருப்பி, நின்று நின்று இழுத்தால் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் உண்மையான அலைத்தலைப் போலவே வரும்.

தொடுவானத்தை மேல்விளிம்பிலிருந்து 35 மில்லிமீட்டரில் வைத்து, முதல் பட்டையின் மேல்விளிம்பை மட்டும் கத்தரித்து ஒட்டுங்கள். மற்றவை எல்லாம் கிழிசல். தொலைவு தோன்றுவதற்காக, வெளியே தெரியும் உயரத்தை 6, 9, 13, 18 மில்லிமீட்டர் எனக் கீழே வர வரக் கூட்டி, ஒவ்வொரு பட்டையும் தனக்கு மேலுள்ளதன் அடிப்பகுதியைச் சற்றே மூடுமாறு மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டும். நீர்த்த பசை தாளைச் சுருக்கிவிடும் என்பதால் குச்சிப் பசையே நல்லது.

மீதமுள்ள 24 மில்லிமீட்டர் மணற்கரைக்கு. மரச்சாமான் தேய்க்கும் வெளிர்மஞ்சள் உப்புத்தாளைப் பின்பக்கத்திலிருந்து பழைய பிளேடால் வளைவாகக் கீறி ஒட்டலாம். புதுக் கத்தரியைக் கொண்டு வெட்டினால் அதன் கூர் போய்விடும். ரவையைத் தூவுகிறவர்கள் உண்டு, எறும்புக்கு அழைப்பு வைக்க விரும்பினால் தூவலாம்.

மணலும் நீரும் சேரும் இடத்துக்குத் திருப்பூரின் உபயம் வேண்டும். பனியன் கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கும் கட்டிங் வேஸ்ட்டில், வெள்ளை சிங்கிள் ஜெர்சி என்னும் மெல்லிய பனியன் துணித் துண்டு ஒன்று கிடைத்தால் போதும். துணியின் நல்ல பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நுண்ணிய பின்னல் வரிகளுக்குக் குறுக்காக, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் நாடா வெட்டி, இரு முனைகளையும் பிடித்து இழுத்துப் பாருங்கள்: இரண்டு ஓரங்களும் தாமாகவே உட்சுருண்டு, நாடா மெல்லிய உருளையாகிவிடும். வேறு பின்னல் வகைகளான ரிப் துணியும் இன்டர்லாக்கும் இப்படிச் சுருளாது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சரியான துணியை எடுத்துக் கொடுப்பார்கள். அந்த உருளையை மணலின் விளிம்பில் நெளிவாக வைத்து, ஆங்காங்கே மட்டும் பசையிட்டு அமர்த்துங்கள்.

தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே, நடுவிலிருந்து விலகி, ஒரு சிறு படகு இருக்கட்டும். தென்னை ஈர்க்கில் பாய்மரம். பாய்க்கு, முகூர்த்த மாதங்களில் வீட்டில் சேரும் பழைய கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை. வெயிலில் வைத்தால் மஞ்சள் வெளுக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பிள்ளையார் படமுள்ள பக்கத்தில் கத்தரி வைக்க அமுச்சி (அம்மாவின் அம்மா) விடமாட்டார் என்பதையும்தான்.

சூரியன் வைக்க விரும்பினால், பெறுபவர் பார்த்த கடலை ஒட்டி வையுங்கள். இராமேசுவரத்திலும் திருச்செந்தூரிலும் கடலிலிருந்து எழுவது காலைச் சூரியன். கடலில் இறங்கும் மாலைச் சூரியன் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கோழிக்கோடு போனவர்களுக்கு உரியது.

உள்ளே வாழ்த்து எழுதியபின், உப்புத்தாள் எதையும் உராயாதபடி முன்பக்கத்தின் மேல் பட்டர் பேப்பர் ஒன்றைச் சுற்றி, 114 × 162 மில்லிமீட்டர் உறையில் இடலாம். அஞ்சலில் அனுப்புவதாக இருந்தால் இன்னோர் அட்டைத் துண்டையும் உடன் வையுங்கள். இல்லையேல் துணி நுரை நசுங்கிப்போகும்.