பானட்டைத் தூக்கி வைத்தால் இன்ஜின் குளிருமா?

சித்திரை வெயிலில் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தால் பலரும் முதலில் செய்வது, பானட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் நாலு வாஷரைப் போட்டு ஒரு விரல்கடை உயர்த்தி வைப்பது. செலவே இல்லை. நானும் என் பழைய காரில் அப்படித்தான் செய்தேன். சிக்னலில் நிற்கும்போது அந்த இடுக்கு வழியாகச் சூடு வெளியேறுவது கையை வைத்தாலே தெரிந்தது. பைபாஸில் வேகம் எடுத்ததும் ஒரு பயனும் இல்லை.

காரணம் இதுதான். ஓடும் கார்மீது வரும் காற்று, முன்கண்ணாடியின் அடியில் மோதித் தேங்குகிறது. அங்கே அழுத்தம் அதிகம். வேகம் கூடக் கூட, வெளியே போக வேண்டிய சூட்டை அந்த அழுத்தம் திரும்ப உள்ளேயே தள்ளும். கேபினுக்கு வெளிக்காற்று எடுக்கும் வாயும் பெரும்பாலான கார்களில் அங்கேதான் இருக்கிறது. நிற்கும்போது ஆயில் வாடையும் புகையும் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வரும். மழை பெய்தால் தண்ணீர் வயரிங்மேல் இறங்கும். நான் அந்த வாஷர்களைக் கழற்றிவிட்டேன்; போட்டிருப்பவர்கள் நீங்களும் கழற்றிவிடுங்கள்.

கொல்லைக்கதவைச் சாத்திவிட்டு வாசற்கதவை எவ்வளவு அகலத் திறந்தாலும் வீட்டுக்குள் காற்று ஓடாது. பம்பரை வெட்டிப் பெரிய ஓட்டை போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே வந்த காற்று ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் சிரமப்பட்டு நுழையாது. ஓரத்தில் இடுக்கு இருந்தால் அந்த வழியாக நழுவிவிடும். கம்பெனியில் அந்த இடுக்குகளை ரப்பர், ஃபோம் பட்டைகளால் அடைத்துத்தான் அனுப்புகிறார்கள். முன்பக்கம் ஒருமுறை இடிபட்டு டிங்கரிங் ஆன வண்டிகளில் இவை பல நேரம் திரும்ப மாட்டப்படுவதே இல்லை. சூடு தாங்கும் ஃபோம் பட்டை வாங்கி, ரேடியேட்டரின் நாலு ஓரத்தையும் அடையுங்கள். வீட்டில் செய்யக்கூடிய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வண்டியில் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டை "காற்றை மறைக்கிறது" என்று கழற்றுவதும் இதே வகைத் தவறு. கூடு இருந்தால்தான் ஃபேன் முழு ரேடியேட்டர் வழியாகவும் காற்றை இழுக்கும். இல்லையென்றால் தன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதியில் மட்டும் இழுக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் கவரையும் அப்படியே விட்டுவிடுங்கள். சேற்றுத் தண்ணீர் பெல்ட்டில் அடிக்காமல் காப்பதோடு, பல கார்களில் சூடான காற்று கீழ்வழியாக ஒழுங்காக வெளியேறுவதும் அதனால்தான்.

புது ஃபேன் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு வயரும் மாறிவிட்டால் மோட்டார் தலைகீழாகச் சுற்றி, எதிரே வரும் காற்றோடு மல்லுக்கு நிற்கும். ஒரு துண்டுக் காகிதத்தை கிரில் முன்னால் பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் இழுக்க வேண்டும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு தீப்பிடிக்கக் காரணமாகும். இதில் சமரசமே வேண்டாம்.

கிரிலுக்குப் பின்னால் நெருக்கமான கொசுவலை, முன்னால் வரிசையாக விளக்குகள், பெரிய இரும்பு கார்டு எல்லாமே காற்றைத் தடுப்பவை. இரும்பு கார்டுக்கு மத்திய அரசு 2017இலேயே தடை சொல்லிவிட்டது. ரேடியேட்டரைக் கழுவும்போது பிரஷர் வாஷரை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி வழி அடைபடும். சாதாரண ஹோஸ் போதும், இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக.

"தெர்மோஸ்டாட்டை எடுத்துடலாம் சார்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 1 பார் அழுத்தம் பிடிக்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரிவரை கொதிக்காது. ரப்பர் தேய்ந்த மூடியென்றால் 100ஐத் தாண்டியதும் கொதிக்கத் தொடங்கிவிடும்.

எதையும் தொடுவதற்கு முன், சூடு எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். நெரிசலில் ஏறி ஹைவேயில் இறங்கினால் பெரும்பாலும் ஃபேன். ஹைவேயில் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) ஓட்டம் என்று தேடுங்கள். டேஷ்போர்டு முள் பல கார்களில் கடைசி நேரம்வரை நடுவிலேயே நிற்கும். காரின் கம்ப்யூட்டரைப் படித்துச் சொல்லும் மலிவான ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகினால் செல்போனிலேயே கூலன்ட் சூடு டிகிரியில் தெரியும். எந்த மாற்றம் பலன் தருகிறது என்று சோதிக்க: ஒரே சாலை, ஒரே மதிய நேரம், ஏசி ஒரே அளவில். முதல் ஓட்டம் வண்டியில் ஒன்றும் மாற்றாமல். பிறகு ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம்.