பாரிஸில் எங்கே தங்குவது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் போதும், எனக்கு வருகிற வாட்ஸ்அப் செய்திகளில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணா, ஈஃபிள் டவர் பக்கத்துல ரூம் வேணும். நம்ம சாப்பாடு கிடைக்கணும். ஏர்போர்ட்டுக்கும் ஈசியா இருக்கணும். பட்ஜெட் கொஞ்சம் கம்மிதான்." இந்த நாலும் ஒன்றாக அமைகிற இடம் பாரிஸில் கிடையாது. எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதல் தடவை வருகிறவர்கள் எதை விடக் கூடாதோ அதை விட்டுவிடுகிறார்கள். வருஷா வருஷம் ஆட்கள் மாறுகிறார்கள், தவறு மட்டும் மாறுவதில்லை. எங்கள் தலைமுறை இங்கே வந்திறங்கியபோது செய்ததும் இதேதான்.

பாஸ்போர்ட் பத்திரம், மெட்ரோவில் பிக்பாக்கெட் ஜாக்கிரதை, சீக்கிரம் புக் செய்தால் விலை குறைவு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எந்தப் பகுதியில் தங்குவது என்பதை மட்டும் பேசுகிறேன்.

பெயரில் பாரிஸ் இருந்தால் பாரிஸ் என்று நம்புவது

பாரிஸ் நகரம் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. 1860-இல் சுற்றியிருந்த ஊர்களை நகரத்தோடு சேர்த்தபோது வந்த கணக்கு அது. லூவர் அருங்காட்சியகம் இருக்கும் நடுப்பகுதி 1. அங்கிருந்து கடிகாரச் சுற்றில் நத்தை ஓடு மாதிரி சுழன்று போய், கிழக்கு ஓரத்தில் 20-இல் முடியும். பின்கோடின் கடைசி இரண்டு எண்ணே வட்டாரத்தைச் சொல்லிவிடும். 75005 என்றால் 5, 75014 என்றால் 14. 16-ஆம் வட்டாரத்துக்கு மட்டும் 75016, 75116 என்று இரண்டு உண்டு. 92, 93, 94, 95, 77 என்று தொடங்கினால் அது நகரத்துக்கு வெளியே. ஹோட்டல் பெயரில் 'பாரிஸ் வடக்கு', 'பாரிஸ் கிழக்கு' என்று என்ன போட்டிருந்தாலும் சரி, முதலில் பின்கோடைப் பாருங்கள்.

ஹோட்டலுக்குப் பதில் வீடு எடுப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. குறுகியகால வாடகை வீடுகளுக்குப் பாரிஸ் நகராட்சி கொடுத்துவந்திருக்கும் பதிவு எண்ணில் 13 இலக்கம் இருக்கும். அதில் முதல் ஐந்து, வட்டாரத்தின் குறியீடு (பின்கோடு அல்ல). 75111 என்று தொடங்கினால் 11-ஆம் வட்டாரம், 75118 என்றால் 18. விளம்பரத்தில் 'மாரே பகுதி' என்று எழுதியிருக்கிறது, எண்ணோ 75119 என்று தொடங்குகிறது என்றால் அந்த வீட்டுக்காரரை நம்பாதீர்கள். மாரே இருப்பது 3, 4 வட்டாரங்களில். பதிவு எண்ணே போடாத வீட்டைத் தொடவே வேண்டாம்.

விமான நிலையத்துப் பக்கம் மலிவாக ரூம் போடுவது

இதைப் பற்றி நிறையப் பேசப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் இந்தத் தவறைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பணமும் போய், நேரமும் போய், பெரியவர்களின் உடம்பும் கெடுகிற தவறு இது ஒன்றுதான்.

போன கோடையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, கணவனுடைய அப்பா, அம்மா. சார்லஸ் டி கோல் விமான நிலையத்தை ஒட்டிய ருவாஸி ஊரில் இரண்டு ரூம். நகரத்துக்குள் எடுப்பதைவிட ரூமுக்கு 40 யூரோ மிச்சம், ஆக ஒரு நாளைக்கு 80 யூரோ மிச்சம் என்று கணக்கு. "ஆர்.இ.ஆர். பி ரயில் நேரா போகுது, அரை மணிதானே அண்ணா" என்றார் கணவன். பணம் கட்டிய பிறகுதான் என்னிடம் சொன்னார்கள், கான்சல் செய்தால் திரும்பக் கிடைக்காத ரூம்.

ஆர்.இ.ஆர். என்பது நகரத்தையும் புறநகரையும் இணைக்கும் ரயில். அதில் அரை மணி என்பது சரிதான். ஆனால் ஹோட்டல் ரயில் நிலையத்தில் இல்லை. ஹோட்டல் வேன் வர வேண்டும், அது அரை மணிக்கு ஒன்று, பெட்டிகளோடு நிற்பவர்கள் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் சீட்டுதான் நமக்கு. வேன், நிலையம், டிக்கெட் மெஷின் வரிசை, பிறகு ரயில். நகர நடுவிலுள்ள சாத்லே நிலையத்தில் இறங்கும்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பவும் அதே ஒன்றேகால்.

அடுத்தது டிக்கெட். 2025 ஜனவரியிலிருந்து பாரிஸும் அதன் சுற்றுவட்டாரமும் முழுக்க ஒரே ரயில் கட்டணம் ஆகிவிட்டது. அந்த ஆண்டு அது 2.50 யூரோ. இதைப் படித்துவிட்டு, எங்கே தங்கினாலும் ஒன்றுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். விமான நிலைய ஸ்டேஷன்கள் அந்தக் கணக்கில் சேராது. அங்கே ஏறினாலும் இறங்கினாலும் தனி டிக்கெட், 2025-இல் தலைக்கு 13 யூரோ. நாலு பேர், போக வர: 104 யூரோ. 80 மிச்சம் பிடிக்கப் போய் தினமும் 104 கொடுத்தார்கள். வாரப் பாஸில் விமான நிலையமும் அடங்கும், உண்மைதான். ஆனால் அது திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வியாழக்கிழமை வந்திறங்கி அடுத்த செவ்வாய் கிளம்புகிறவர்களுக்கு அது ஒத்துவராது.

பணத்தையாவது விடுங்கள். பாரிஸில் ஜூன், ஜூலையில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும். ஈஃபிள் கோபுரத்தில் விளக்கு எரிவதைப் பார்க்க வேண்டுமென்றால் பத்தரை வரை வெளியே இருக்க வேண்டும். காலை எட்டுக்குக் கிளம்பிய எழுபது வயதுக்காரர்கள் மதியம் ரூமுக்குப் போய், ஒரு குளியல் போட்டு, இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு வந்தால்தான் அந்த நேரம் வரை தாங்கும். ரூம் ஒன்றேகால் மணி நேரத் தொலைவில் இருந்தால் எங்கே போய்ப் படுப்பது? முதல் நாள் அந்த அம்மா லுக்சம்பூர் தோட்டத்துப் பச்சை இரும்பு நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டு, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஏழு மணிக்கே திரும்பிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் எப்படியாவது விளக்கைப் பார்த்துவிடுவது என்று பிள்ளையும் மருமகளும் மட்டும் இருந்தார்கள். ஆர்.இ.ஆர். பி-யின் வடக்குப் பாதையில் பல இரவுகளில் பதினோரு மணிக்குமேல் பராமரிப்பு வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டுப் பஸ் விடுவார்கள். அன்றைக்கும் விட்டார்கள். விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது ஹோட்டல் வேன் நின்றுபோயிருந்தது. படுக்கும்போது மணி இரண்டு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் மாலை நேரத்தில் வெளியே தங்கவில்லை. அந்த அம்மா விளக்கெரியும் கோபுரத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பினார். வாழ்நாளில் இன்னொரு தடவை அவர் பாரிஸ் வருவாரா?

அதனால் 'நகர மையத்திலிருந்து இத்தனை கிலோமீட்டர்' என்று புக்கிங் தளம் காட்டுவதை விட்டுவிடுங்கள். இரவு பதினோரு மணிக்கு, களைத்துப்போன பெரியவர்களோடு, எந்த ரயிலில், எத்தனை தடவை மாறி ரூமுக்கு வந்து சேர்வீர்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும். மேப்பில், கோபுரத்துக்கு எதிரே இருக்கும் துரோக்கதேரோவிலிருந்து அந்த ஹோட்டலுக்கு, வார நாளில், இரவு 11 மணி புறப்பாடு என்று போட்டுப் பாருங்கள். ஒரு மாற்றத்துக்குமேல் காட்டினால் வேறு ரூம் தேடுங்கள். மெட்ரோ இரவு ஒன்றேகால் வரை ஓடும், வெள்ளி சனியில் இரண்டேகால் வரை.

எனக்குப் பிடித்த இடம் 14-ஆம் வட்டாரத்தில் டான்ஃபேர் ரோஷ்ரோ. விமான நிலையத்திலிருந்து வரும் அதே ஆர்.இ.ஆர். பி அங்கே நிற்கும், ஆகவே பெட்டியோடு மாறாமல் வந்து இறங்கலாம். அந்த விமான நிலைய டிக்கெட் வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை, அவ்வளவுதான். மெட்ரோ 6-ஆம் லைனில் ஏறினால் பிர் ஹக்கேம் நிலையம். அதைத் தாண்டி ரயில் ஆற்றைக் கடக்கும்போது வலது பக்கம் கோபுரம் முழுசாகத் தெரியும். 4-ஆம் லைன் நேராக நகர நடுவுக்கும், அங்கிருந்து வடக்கே கார் து நோர் ரயில் நிலையத்துக்கும் போகும். பக்கத்திலேயே டகேர் தெருவில் பழக்கடை, பேக்கரி, சீஸ் கடை எல்லாம் வரிசையாக இருக்கின்றன. சுற்றுலாக் கூட்டம் குறைவு, விலையும் அதற்கேற்ற மாதிரி.

நகர எல்லைக்கு வெளியே என்றாலே மோசம் என்றும் சொல்லவில்லை. மோன்ரூஜில் 4-ஆம் லைன் இருக்கிறது. வான்சென்னில் 1-ஆம் லைனும் ஆர்.இ.ஆர். ஏ-யும் இருக்கின்றன, டிஸ்னிலாந்து போகிற குடும்பத்துக்கு அதைவிட வசதியான இடம் சொல்ல மாட்டேன். மெட்ரோ வருகிற புறநகர் சரி, வேன் வருகிற புறநகர் வேண்டாம். விடிகாலை விமானம் என்றால் கடைசி ஒரு ராத்திரி மட்டும் ஏர்போர்ட் ஹோட்டலில் தங்கிக்கொள்ளுங்கள்.

கோபுரத்தடியில் தங்குவது

ஈஃபிள் கோபுரம் இருக்கும் 7-ஆம் வட்டாரம் அழகான இடம். ஆனால் தூதரகங்களும் அரசு அலுவலகங்களும் பணக்காரக் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி, இரவில் சீக்கிரம் அடங்கிவிடும். கோபுரத்தைச் சுற்றி மெட்ரோ நிலையங்களும் குறைவு. 'கோபுரம் தெரியும் ரூம்' என்பதற்குக் கொடுக்கிற கூடுதல் பணம், ரூமுக்குள் இருக்கும் நேரத்துக்குத்தான் உதவும். நீங்களோ பகல் முழுக்க லூவரிலும் மோன்மார்த்ரிலும் இருப்பீர்கள்.

ஆசை இருந்தால் கொஞ்சம் தெற்கே, 15-ஆம் வட்டாரத்தில் பாருங்கள். லா மோத் பிக்கே க்ரெனெல் நிலையத்தில் 6, 8, 10 என்று மூன்று லைன் சந்திக்கின்றன. இரவுச் சாப்பாடு முடிந்து காலாற நடந்தால் கால் மணியில் கோபுரத்தடி. ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஐந்து நிமிஷம் மினுக்குவதைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்பலாம்.

நம்ம சாப்பாட்டுக்காக லா சப்பலில் தங்குவது

கார் து நோருக்கு வடக்கே லா சப்பல். ஃபோபூர் சான் தெனி தெருவிலும் கை, பெர்தோனே தெருக்களிலும் ஈழத்தமிழர் கடைகள். இடியாப்பம், கொத்துரொட்டி, கருவேப்பிலை, புடவைக்கடை, நகைக்கடை எல்லாம் உண்டு. பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் கோயில். கோடை முடிவில் தேர் வரும்போது தெருவில் தேங்காய்களைக் குவித்து உடைப்பதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒரு வேளையாவது அங்கே போய்ச் சாப்பிடுங்கள். எண்பதுகளிலிருந்து ஓடிவந்தவர்கள் கை ஊன்றி நின்ற இடம் அது.

தங்குவதற்கு மட்டும் வேண்டாம் என்கிறேன். லா சப்பல் மெட்ரோ பாலத்தடியிலும் ரயில் நிலைய வாசலிலும் இரவில் நெரிசல், சிகரெட் விற்பவர்கள், கூச்சல். குழந்தைகளோடு பத்து மணிக்கு அதற்குள் பெட்டி இழுத்துக்கொண்டு நடப்பது சுகமாக இருக்காது. 4, 5 லைன்கள் போகிற எந்த ஊர்ப்பக்கத்திலிருந்தும் கார் து நோர் வந்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். தினமும் சோறு வேண்டும் என்கிற பெரியவர்கள் வந்தால் சமையலறை உள்ள வீடாக எடுங்கள். அரிசி, பருப்பு, தயிர் எல்லாம் லா சப்பலில் வாங்கிக்கொள்ளலாம்.

பெட்டியையும் படியையும் மறப்பது

மோன்மார்த்ர் ஒரு குன்று. சாக்ரே கேர் தேவாலயத்துக்கு முன்னால் மட்டும் 222 படி. அங்குள்ள அபெஸ் நிலையம் 36 மீட்டர் ஆழம், பாரிஸ் மெட்ரோவின் மிக ஆழமான நிலையங்களில் ஒன்று. அங்கே லிஃப்ட் இருக்கிறது, ஆனால் மற்ற பழைய நிலையங்களில் பெரும்பாலும் கிடையாது. முழுக்க லிஃப்ட் உள்ள லைன் 14 ஒன்றுதான். 2024 ஜூனிலிருந்து அது ஓர்லி விமான நிலையம் வரை போகிறது. ஓர்லியில் இறங்குகிறவர்கள் 14-ஆம் லைன் ஓரமாக, 13-ஆம் வட்டாரத்தில் ஒலிம்பியாத் பக்கம் ரூம் பார்த்தால் முட்டிக்கு நல்லது.

கட்டடத்திலும் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிரான்சிலும் தரைத்தளத்தை மாடிக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது பழக்கம்; கனடா, சிங்கப்பூர் உறவினர்கள்தான் ஒரு மாடி குறைத்து நினைத்துக்கொள்கிறார்கள். ஆறாம் மாடி, கூரையை ஒட்டிய ரூம் என்றால் இன்னும் யோசியுங்கள். அந்தக் காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்காகக் கட்டியது அது, மேலே துத்தநாகத் தகடு. 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி. ஏசி இல்லாத தகட்டுக் கூரைக்குக் கீழே அந்த வெயிலில் தூங்க முடியாது.

பிகால்

இரவு விடுதிகளும் ஆபாசக் கடைகளும் நிறைந்த பகுதி. குழந்தைகளோடு வேண்டாம்.

லா டிஃபான்ஸ்

நகரத்துக்கு மேற்கே அலுவலகக் கட்டடங்கள் நிறைந்த பகுதி. சனி ஞாயிறு விலை இறங்கும், 1-ஆம் லைனும் உண்டு. ஆனால் அலுவலகங்கள் மூடிய மாலையில் குழந்தைக்குப் பால் வாங்கக்கூடக் கொஞ்சம் அலைய வேண்டும்.

தெருப் பக்க ரூம்

5-ஆம் வட்டாரத்தில் ஹுஷெத் தெரு, 11-இல் ஒபர்கம்ப் தெரு, பஸ்தீல் பக்கம் லாப் தெரு. இவை மூன்றும் பகலில் சாதுவாகத் தெரியும், இரவு இரண்டு மணி வரை குடிக்கூட்டம் போகாது. இதே பகுதிகளில் நான்கு தெரு தள்ளிப் போனால் அமைதி. பெரும்பாலான பழைய ஹோட்டல்களில் உள்முற்றத்தைப் பார்த்த ரூம்களும் இருக்கும். காட்சி இருக்காது, தூக்கம் வரும். புக் செய்த அன்றே முற்றப் பக்கம் வேண்டும் என்று ஹோட்டலுக்கு மெயில் எழுதி, பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வந்திறங்கிய பிறகு ரிசப்ஷனில் கேட்டால், காலியாக இருந்தால்தான் தருவார்கள்.